கேம்பர் வேனுக்கு பேட்டரி மானிட்டரா, வோல்ட் மீட்டரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெம்போ டிராவலரிலோ பழைய வேனிலோ படுக்கை, ஃப்ரிட்ஜ், மின்விசிறி எல்லாம் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் முதலில் பேட்டரி வாங்குகிறார்கள், அடுத்து சோலார் பேனல், அடுத்து இன்வெர்ட்டர். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கருவியைக் கடைசியில், கையில் மீதமிருக்கும் காசுக்குக் கிடைத்ததை வாங்கி மாட்டுகிறார்கள். இந்த வரிசை மாற வேண்டும். ராத்திரி எவ்வளவு கரன்ட் போகிறது என்று தெரியாமல் இன்னொரு பேட்டரியோ இன்னொரு பேனலோ வாங்குவது பணத்தை வீணாக்கும் வேலை.

வோல்ட் மீட்டர், பேட்டரி மானிட்டர் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. வோல்ட் மீட்டர் இந்த நொடியில் பேட்டரி முனைகளுக்கு இடையே எத்தனை வோல்ட் இருக்கிறது என்று மட்டும் காட்டும். பேட்டரி மானிட்டர் அதோடு, உள்ளே வரும் ஆம்பியரையும் வெளியே போகும் ஆம்பியரையும் ஓயாமல் அளந்து வரவு செலவு வைத்துக்கொள்ளும். 100 ஏஎச் (ஆம்பியர்-மணி; ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஏஎச்) பேட்டரியில் 38 ஏஎச் செலவாகிவிட்டது என்றால் 62 சதவீதம் மிச்சம் என்று திரையில் வரும். இந்தக் கணக்குக்காக பேட்டரியின் நெகட்டிவ் வழியில் ஷண்ட் என்ற உலோகத் துண்டு ஒன்றை மாட்ட வேண்டும். அதன் வழியே போகும் கரன்டுக்கு ஏற்ப அதன் இரு முனைகளுக்கு நடுவே சில மில்லிவோல்ட் உண்டாகும், மானிட்டர் படிப்பது அதைத்தான். கடையில் கேட்கும்போது "ஷண்டோடு வருகிறதா?" என்று கேளுங்கள். வெறும் சதவீதம் காட்டும் திரைகள் பல வோல்ட்டைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்பவை. அவற்றின் அட்டையிலும் "பேட்டரி மானிட்டர்" என்றே அச்சடித்திருக்கும்.

என் வண்டியில் ஒரே பேட்டரிதான். எனக்கு எது போதும்?

செல்ஃப் எடுக்கும் பேட்டரி ஒன்று மட்டுமே என்றால் நல்ல வோல்ட் மீட்டர் போதும். அந்த பேட்டரியிடம் நமக்கு வேண்டியவை மூன்று பதில்கள்தான். காலையில் செல்ஃப் எடுக்குமா? ஓடும்போது ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கிறதா? பேட்டரி கிழடு தட்டிவிட்டதா?

ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் 12.5க்கு மேல் இருந்தால் நல்லது. 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. செல்ஃப் அடிக்கும் அந்த இரண்டு நொடியில் 9.6க்குக் கீழே விழுந்தால் ஒன்று சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி முடிந்துவருகிறது.

இந்த பேட்டரியில் ஷண்ட் மாட்டப் போகாதீர்கள். டீசல் இன்ஜினின் செல்ஃப் மோட்டார் பல நூறு ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர் ஷண்ட் அந்த வழிக்கு ஏற்றதல்ல.

ஃப்ரிட்ஜுக்கும் விளக்குக்கும் விசிறிக்கும் தனியாக இரண்டாவது பேட்டரி வைத்திருந்தால் கதை வேறு. அதற்கு ஷண்ட் வைத்த மானிட்டர்தான் வேண்டும். இனிவரும் பதில்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது பேட்டரியைப் பற்றியவை.

வோல்ட்டை வைத்தே எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடலாமே? இணையத்தில் அட்டவணை இருக்கிறதே?

லெட் ஆசிட் பேட்டரிக்கு அந்த அட்டவணை உண்மைதான். 12.7 என்றால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய ஏஜிஎம் வகையில் இதைவிட 0.1 வோல்ட் கூடுதலாக இருக்கும். ஆனால் அந்த எண்கள் எல்லாம், பேட்டரியில் எதுவும் ஏறாமலும் எதுவும் இறங்காமலும் பல மணி நேரம் சும்மா கிடந்த பிறகு அளந்தவை. டூரில் இருக்கும் வண்டியில் அப்படி ஒரு நேரமே வராது. பகலில் சோலார் ஏற்றிக்கொண்டே இருக்கும், ராத்திரி ஃப்ரிட்ஜ் விட்டுவிட்டு ஓடும்.

சார்ஜ் ஏறும்போது 13.8 காட்டுவது பேட்டரி நிரம்பியதற்கு அடையாளம் ஆகாது. சார்ஜர் அத்தனை வோல்ட் கொடுக்கிறது, அவ்வளவே. சார்ஜரை நிறுத்திய உடனே பார்த்தாலும் தட்டுகளின் மேற்பரப்பில் தங்கிய சார்ஜால் எண் கூடுதலாகத்தான் இருக்கும். ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடும்போது எண் இறங்கும், நின்றால் ஏறும். சாயங்காலம் ஆறு மணிக்கு "12.9 இருக்கிறது, ராத்திரிக்குத் தாங்கும்" என்று நினைத்துப் படுத்தவர் மூன்று மணிக்கு விசிறி நின்று வியர்வையில் எழுந்திருப்பது இதனால்தான்.

ஒரு ராத்திரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சித்திரை மாதம், தனுஷ்கோடிப் பக்கம் வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள். 45 வாட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் அந்த வெக்கையில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 12 மணி நேரத்துக்கு 22 ஏஎச். ஒன்றரை ஆம்பியர் விசிறி இரண்டு, ஒன்பது மணி நேரம், 27 ஏஎச். விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து 5. மொத்தம் 54. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 100 ஏஎச் பேட்டரியில் கைக்கு வருவது 50 மட்டும். ஆக, பேட்டரி முழுசாக நிரம்பியிருந்தாலும் அந்த ராத்திரிக்குப் பற்றாது. வோல்ட் மீட்டர் இதை முன்கூட்டிச் சொல்லாது. ஷண்ட் வைத்த மானிட்டர் இரண்டாம் நாளே சொல்லிவிடும்.

லித்தியம் பேட்டரி போட்டிருக்கிறேன். எப்போதும் 13.2 காட்டுகிறது. நல்லதுதானே?

பேட்டரிக்கு நல்லது. உங்களுக்குப் பயன் இல்லை. வேன்களில் போடும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் நான்கு செல்கள், செல்லுக்கு 3.2 வோல்ட். அதன் வோல்ட் கோடு மேசை மாதிரி தட்டையாக ஓடும். 70 சதவீதத்தில் ஏறக்குறைய 13.2, 40 சதவீதத்தில் ஏறக்குறைய 13.1. முப்பது சதவீத சார்ஜ் செலவாகியும் எண் 0.1 வோல்ட்தான் மாறியிருக்கிறது. 12.8க்கு வந்தால் 20க்கும் கீழே போய்விட்டது. அதற்கப்புறம் சரிவு வேகமாக இருக்கும், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பிஎம்எஸ் ஒரேயடியாக வெட்டிவிடும். வண்டி முழுக்க இருட்டு.

லித்தியம் போட்டால் ஷண்ட் மானிட்டரும் சேர்த்து வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன எல்இடி வோல்ட் மீட்டரை நம்பலாமா?

வண்டி பேட்டரிக்கு நம்பலாம், ஒருமுறை சரிபார்த்த பிறகு. இவற்றில் பல ஒரு சதவீதம் வரை பிசகும். ஒரு சதவீதம் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும், 12.5 வோல்ட்டில் அது ஏறக்குறைய 0.12 வோல்ட். முழு சார்ஜுக்கும் பாதி சார்ஜுக்கும் நடுவே இருப்பதே அரை வோல்ட்தான் என்பதால், அந்தப் பிசகு பேட்டரியின் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தை விழுங்கிவிடும். நல்ல மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்து, இரண்டு எண்களையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மீட்டரின் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். சிலவற்றின் முதுகில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதைத் திருகி நேர்செய்யலாம்.

இரண்டு தசம இடம் காட்டும் மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். 12.3, 12.4 என்று தாவுவதைவிட 12.36 என்று காட்டுவது எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைத் தெரிவிக்கும்.

மீட்டரைவிட ஒயரிங் அதிகம் ஏமாற்றும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் மீட்டர் காட்டுவது சாக்கெட்டின் வோல்ட், பேட்டரியின் வோல்ட் கிடையாது. ஒன்றரை சதுர எம்எம் செம்பு ஒயரில் பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி ஃப்ரிட்ஜ் இருந்தால், போய்வர 10 மீட்டர் ஒயர், அதன் தடை 0.12 ஓம். ஃப்ரிட்ஜ் 4 ஆம்பியர் இழுத்தால் அந்த ஒயரிலேயே ஏறக்குறைய அரை வோல்ட் போய்விடும். ஃப்ரிட்ஜின் திரையில் 11.9 பார்த்து பேட்டரியை மாற்றியவர்கள் உண்டு. பேட்டரி 12.4இல் நலமாக இருந்திருக்கும். அந்த இடத்தில் 6 சதுர எம்எம் ஒயர் போட்டால் இழப்பு 0.12 வோல்ட்டாகக் குறையும். வோல்ட் மீட்டருக்கு பேட்டரி முனையிலிருந்தே தனி ஒயர் இழுங்கள். மெல்லிய ஒயர் போதும், ஆனால் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே 1 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம்.

ஷண்ட் எத்தனை ஆம்பியர் வாங்க வேண்டும்?

வண்டியில் இருக்கும் பெரிய லோடைப் பாருங்கள். அது பெரும்பாலும் இன்வெர்ட்டர். 1000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 90 முதல் 100 ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்தால் 180ஐத் தாண்டும். ஷண்டைத் தொடர்ந்து அதன் எண்ணின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டக் கூடாது, சூடேறி அளவு பிசகும். எனவே 1000 வாட்டுக்கே 100 ஆம்பியர் ஷண்ட் காணாது.

விளக்கு, விசிறி, ஃப்ரிட்ஜ் மட்டும், இன்வெர்ட்டரே இல்லை என்றால் 100 ஆம்பியர் ஷண்ட் தாராளம். சின்ன லோடுகளை அளக்க அது சில நேரம் மேலானதும்கூட. 500 ஆம்பியர், 50 மில்லிவோல்ட் ஷண்டில் 1 ஆம்பியர் போனால் கிடைப்பது 0.1 மில்லிவோல்ட் மட்டுமே. அத்தனை சின்ன அளவைத் துல்லியமாகப் படிக்க மானிட்டரின் உள்ளே இருக்கும் சர்க்யூட் நல்லதாக இருக்க வேண்டும். மலிவான மானிட்டர்களில் 0.1 ஆம்பியருக்குக் கீழே இருப்பது கண்ணுக்கே படாது. 0.1 ஆம்பியர் ஒரு நாளைக்கு 2.4 ஏஎச். வண்டியை ஒரு மாதம் ஷெட்டில் நிறுத்தினால் 72 ஏஎச் காணாமல் போயிருக்கும், மானிட்டர் நூறு சதவீதம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். எனவே விளம்பரத்தில் பெரிய ஆம்பியரைத் தேடாமல், எத்தனை சின்ன கரன்ட் வரை அளக்கும் என்று பாருங்கள்.

ஷண்டை எங்கே மாட்டுவது? எலக்ட்ரீஷியன் பாசிட்டிவில் மாட்டலாம் என்கிறார்.

கையேடு வெளிப்படையாகச் சொன்னாலொழிய, நெகட்டிவில்தான். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரே ஒரு தடித்த கேபிள் ஷண்டின் பேட்டரிப் பக்கத்துக்குப் போக வேண்டும். இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர், டிசி-டிசி சார்ஜர் (ஆல்டர்னேட்டர் கரன்டில் இரண்டாவது பேட்டரியை ஏற்றுவது), ஃப்யூஸ் பாக்ஸ், பாடி எர்த் (வண்டியின் உலோக உடலுக்குப் போகும் ஒயர்) என மீதி எல்லா நெகட்டிவும் ஷண்டின் மறுபக்கத்தில் சேர வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஷண்டுக்குப் போகும் கேபிளைத் தவிர வேறு ஒரு லக்கும் (கேபிள் நுனியில் மாட்டும் வளையம்) இருக்கக் கூடாது.

"மானிட்டர் தப்பாகக் காட்டுகிறது" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, பேட்டரி நெகட்டிவின் போட்டோ. பெரும்பாலும் அங்கே இரண்டாவது ஒயர் ஒன்று இருக்கும். பின்னால் யாரோ சோலார் கன்ட்ரோலரைச் சேர்க்கும்போது கைக்கு எட்டிய இடத்தில் மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அப்படியானால் சோலாரிலிருந்து வருவது வரவில் சேராது. சதவீதம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும், பேட்டரியோ நிறைந்திருக்கும். பாடி எர்த்தை பேட்டரியில் நேராக மாட்டியிருந்தால் நேர்மாறு: பாடி வழியாகத் திரும்பும் லோடுகள் செலவில் வராது, மானிட்டர் எப்போதும் கூடுதலாகக் காட்டும்.

வேலை செய்யும்போது நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரியின் முனைகளுக்கு நடுவே ஸ்பேனர் விழுந்தால் அது நொடியில் பழுத்துவிடும். லக்குகளைச் சரியான கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் மலைப்பாதையில் குலுங்கிக் குலுங்கித் தளர்ந்து, அந்த இடம் சூடேறத் தொடங்கும்.

கேபிளை வெட்டாமல் மேலே மாட்டும் ஹால் சென்சார் வகை நல்லதா?

மாட்டச் சுலபம். ஆனால் அதன் பூஜ்ஜியம் வெப்பநிலைக்கு ஏற்ப நகரும். கரன்டே ஓடாதபோது 0.2 ஆம்பியர் காட்டினால் அதையும் நாள் முழுக்கக் கூட்டிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்துக்கு எது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க உதவும், வாரக்கணக்கில் சதவீதம் சொல்ல உதவாது. கையில் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்கினால் டிசி அளக்கக்கூடியதா என்று பாருங்கள். வீட்டு ஒயரிங் வேலைக்கு எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசி மட்டுமே அளக்கும்.

என் லித்தியம் பேட்டரியிலேயே ப்ளூடூத் இருக்கிறது. தனி மானிட்டர் எதற்கு?

செல் வோல்ட், வெப்பநிலை, பிஎம்எஸ் எதற்காக வெட்டியது என்பதையெல்லாம் அந்த ஆப் நன்றாகக் காட்டும். அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பல பிஎம்எஸ்கள் அரை ஆம்பியர் அளவிலான சின்ன கரன்டைப் பூஜ்ஜியமாகவே எடுத்துக்கொள்கின்றன. ராத்திரி ஒரு விளக்கும் ஒரு ரூட்டரும் ஓடினால் கணக்கில் வராது. இரண்டு பேட்டரிகளை இணையாக மாட்டியிருந்தால் இரண்டு ஆப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கூட்ட வேண்டும். ஒரே பேட்டரி, சிக்கனமான உபயோகம், வாரம் ஒருமுறை முழு சார்ஜ் என்றால் அதுவே போதும். மற்றவர்களுக்கு ஷண்ட்.

மானிட்டரை மாட்டிவிட்டேன். என்னென்ன செட்டிங் மாற்ற வேண்டும்?

இங்கேதான் பொறுமை தேவை. பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய மானிட்டருக்கு உங்கள் பேட்டரி என்னவென்றே தெரியாது.

முதலில் கொள்ளளவு. பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் ஏஎச் எண்ணைப் போடுங்கள், ஆனால் அது எந்தக் கணக்கில் சொன்னது என்று பாருங்கள். சி20 என்றால் 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கும்போது கிடைப்பது. பல மானிட்டர்கள் எதிர்பார்ப்பது சி20 எண்ணைத்தான்.

அடுத்தது பியூகர்ட் எண். ஜெர்மானிய விஞ்ஞானி வில்ஹெல்ம் பியூகர்ட் 1897இல் சொன்ன விதி இது: லெட் ஆசிட் பேட்டரியை வேகமாக இறக்க இறக்க, அதிலிருந்து கிடைக்கும் மொத்த ஏஎச் குறையும். இந்த எண் 1.25 உள்ள 100 ஏஎச் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் எடுத்தால் 20 மணி நேரம் வரும். 50 ஆம்பியர் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே, மொத்தமே 56 ஏஎச்தான் கிடைக்கும். இன்வெர்ட்டரில் மிக்ஸியும் கெட்டிலும் ஓட்டுபவர்கள் "100 ஏஎச் போட்டும் நிற்கவில்லையே" என்று பேட்டரிக் கடைக்காரரிடம் சண்டை போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். லித்தியத்துக்கு 1.05 போடுங்கள், அதில் இந்த இழப்பு மிகக் குறைவு.

சார்ஜ் திறன் லித்தியத்துக்கு 99 சதவீதம். லெட் ஆசிட்டுக்கு 85 முதல் 95க்குள் இருக்கும், பழைய பேட்டரி என்றால் கீழ்ப்பக்கம்.

கடைசியாக, "நிரம்பிவிட்டது" என்று மானிட்டர் எப்போது முடிவுகட்ட வேண்டும் என்பது. இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: வோல்ட் ஒரு அளவுக்கு மேல் இருக்க வேண்டும், சார்ஜ் கரன்ட் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், அந்த நிலை சில நிமிடம் நீடிக்க வேண்டும். மூன்றும் கூடினால் மானிட்டர் தன் கணக்கை 100க்குக் கொண்டுவந்து புதிதாகத் தொடங்கும். இந்த ஒத்திசைவு அவ்வப்போது நடக்காவிட்டால் சின்னச் சின்னப் பிசகுகள் சேர்ந்து சேர்ந்து சதவீதம் பொய்யாகிவிடும். வோல்ட் நிபந்தனையை, உங்கள் சார்ஜர் வேலையை முடிக்கும் வோல்ட்டைவிட 0.2 அல்லது 0.3 குறைத்து வையுங்கள்.

காலை பத்து மணிக்கே 100 சதவீதம் காட்டுகிறது. ராத்திரி பேட்டரி இறங்கிவிடுகிறது. ஏன்?

சோலார் வண்டிகளில் அடிக்கடி வரும் கோளாறு. மேலே சொன்ன கரன்ட் நிபந்தனையைப் பாருங்கள். விக்ட்ரான் நிறுவனத்தின் மானிட்டர்களில் அது 4 சதவீதம் என்று வைத்தே வரும், காத்திருக்கும் நேரம் 3 நிமிடம். 200 ஏஎச் பேட்டரிக்கு 4 சதவீதம் என்றால் 8 ஆம்பியர். கூரையில் 100 வாட் பேனல் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது நல்ல வெயிலிலேயே 6 ஆம்பியர் சுற்றளவில்தான் தரும். எனவே கரன்ட் எப்போதும் 8க்குக் கீழேதான். வோல்ட் எல்லையைத் தொட்டு மூன்று நிமிடம் ஆனதும், பேட்டரி நிரம்பிவிட்டது என்று மானிட்டர் முடிவுகட்டிவிடுகிறது. மேகம் கடக்கும்போதும் இதே கதை: கரன்ட் சட்டென்று இறங்கும், வோல்ட் இன்னும் மேலேயே இருக்கும்.

கரன்ட் நிபந்தனையை 1 அல்லது 2 சதவீதத்துக்கு இறக்குங்கள். காத்திருக்கும் நேரத்தை 10, 15 நிமிடமாகக் கூட்டுங்கள். வோல்ட் நிபந்தனை 13.2 என்று இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், லித்தியத்துக்கு அது சும்மா இருக்கும்போதே காட்டும் எண். தென்மேற்குப் பருவமழையில் வால்பாறை போன்ற இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்கினால் இந்தச் செட்டிங் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வெயிலே வராத நாளில் மானிட்டர் 100 காட்டினால் அது தவறு.

எந்த பிராண்ட் வாங்கலாம்?

1975இல் நெதர்லாந்தில் தொடங்கிய விக்ட்ரான் நிறுவனத்தின் பிஎம்வி-712, ஸ்மார்ட்ஷண்ட் இரண்டும் இந்த வேலைக்கு நான் முதலில் சொல்பவை. 500 ஆம்பியர் ஷண்டிலும் 0.01 ஆம்பியர் வரை காட்டுகின்றன. கூடுதலாக ஒரு ஒயர் இழுத்தால் செல்ஃப் பேட்டரியின் வோல்ட்டையும் அதே இடத்தில் பார்க்கலாம். பிஎம்வி-712இல் வட்டத் திரை உண்டு, ஸ்மார்ட்ஷண்டில் திரை கிடையாது, போனில்தான் பார்க்க வேண்டும். ஜங்டெக் போன்ற சீன மானிட்டர்கள் இவற்றைவிடப் பல மடங்கு விலை குறைவு, கலர் திரையோடு வருகின்றன. பட்ஜெட் குறைவென்றால் அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அந்த ரகத்தில் சில மாடல்கள் பியூகர்ட்டையோ ஒத்திசைவு நிபந்தனைகளையோ மாற்றவே விடுவதில்லை. வாங்கும் முன் கையேட்டைத் தேடிப் படித்து, அவற்றை மாற்ற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பியூகர்ட்டை மாற்ற முடியாத குறை லித்தியத்துக்குப் பெரிதாகத் தெரியாது, லெட் ஆசிட்டுக்குத் தெரியும்.

திரை வேண்டுமா, போன் ஆப் போதுமா?

திரை. படுக்கையிலிருந்தோ கதவுப் பக்கத்திலிருந்தோ எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள். வீட்டுக்காரரின் போனில் மட்டும் இருக்கும் சதவீதத்தை மற்றவர்கள் பார்க்க மாட்டார்கள். சுவரில் 41 என்று தெரிந்தால் பிள்ளைகளே விசிறியைக் குறைப்பார்கள். பேட்டரி இரும்புப் பெட்டிக்குள் இருந்தால் ப்ளூடூத்தும் தடுமாறும். ஆப் பயன்படுத்தினால் தொடக்கத்தில் வரும் பின் எண்ணை மாற்றிவிடுங்கள்.

பிஎஸ்6 வண்டி. ஓடும்போதே சில நேரம் 12.5 காட்டுகிறது. ஆல்டர்னேட்டர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 விதிகள் வந்தன. அதற்குப் பின் வந்த பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரை இன்ஜின் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. டீசலை மிச்சப்படுத்த, பேட்டரி நிறைவாக இருக்கும்போது சார்ஜைக் குறைத்துவிடும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் வரும்போது 14.5க்கு மேல் தூக்கும். பேட்டரி எச்சரிக்கை விளக்கு எரியாதவரை கவலை வேண்டாம்.

இந்த வண்டிகளில் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு. வோல்ட்டைப் பார்த்து இரண்டு பேட்டரிகளை இணைக்கும் பழைய ரிலே இங்கே சரிவர வேலை செய்யாது, டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். அடுத்து, வண்டி பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று ஒட்டியிருந்தால் அது கம்பெனியே வைத்த சென்சார். உங்கள் சார்ஜரின் நெகட்டிவை பேட்டரி முனையில் நேராக மாட்டினால் அந்த சென்சாரின் கணக்கு குழம்பும். பாடி எர்த்தில் மாட்டுங்கள்.

மீட்டரே பேட்டரியைத் தின்றுவிடாதா?

எல்இடி மீட்டர் 20 மில்லிஆம்பியர் இழுத்தால் நாளைக்கு அரை ஏஎச், மாதத்துக்கு 14 ஏஎச். வாரக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் ஒரு சுவிட்ச் போடுங்கள். ஷண்ட் மானிட்டரை அணைக்காதீர்கள், அணைத்தால் கணக்கு விட்டுப்போகும். நல்லவை 1, 2 மில்லிஆம்பியரில் ஓடுகின்றன.

வீட்டு யூபிஎஸ்ஸில் இருக்கும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியை வண்டியில் வைத்து மானிட்டர் மாட்டலாமா?

வேண்டாம். ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதற்காகச் செய்தது அது. குலுக்கலில் ஆசிட் சிந்தும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அது தூங்கும் அறைக்குள் சேர்வது ஆபத்து. மானிட்டர் எதுவும் இதைச் சரிசெய்யாது.

பழைய பேருந்தை மாற்றுகிறோம். 24 வோல்ட் சிஸ்டம். என்ன பார்க்க வேண்டும்?

இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். 12 வோல்ட் விளக்கோ ஆடியோவோ ஓட்ட ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் எடுக்கவே கூடாது. ஒன்று காய்ந்துபோகும், மற்றது அதிகமாக ஏறி வீணாகும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். நடுப்புள்ளி வோல்ட்டை அளக்கும் மானிட்டராக வாங்கினால் இரண்டில் எது பின்தங்குகிறது என்று முன்கூட்டியே தெரியும். பிஎம்வி-712, ஸ்மார்ட்ஷண்ட் இரண்டிலும் அந்த வசதி உண்டு. வண்டி பேட்டரியின் வோல்ட்டைப் பார்க்கும் அதே கூடுதல் ஒயர்தான் இதற்கும், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

பைக்கில் லடாக் போகிறேன். எனக்கும் இதெல்லாம் தேவையா?

ஷண்ட் தேவையில்லை. இரண்டு தசமம் காட்டும், தண்ணீர் புகாத வோல்ட் மீட்டர் ஒன்றை ஹேண்டில்பாரில் வையுங்கள். இக்னிஷன் ஆன் செய்தால் மட்டும் எரியும்படி ரிலே வழியாக மாட்டுங்கள். கூடுதல் ஃபாக் விளக்கு, ஹீட்டட் கிளவுஸ் எல்லாம் போட்டால் ஆல்டர்னேட்டர் தருவதைவிட நீங்கள் எடுப்பது கூடிவிடும். ஓடும்போது 13க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ஏதாவது ஒன்றை அணைக்க வேண்டிய நேரம்.

குளிர், வெயில் பற்றி மானிட்டர் ஏதாவது சொல்லுமா?

வெப்பநிலை சென்சார் இருந்தால் சொல்லும், வாங்குவது நல்லது. லித்தியத்தை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, செல்லுக்குள் சேதம் நிரந்தரமாகிவிடும். லடாக், ஸ்பிட்டி போகிறவர்களுக்கு மட்டுமான கவலை இல்லை இது. டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி கொட்டும் விடியற்காலைகளிலும் வெளியே மாட்டிய பேட்டரி அந்த எல்லையை நெருங்கும். லெட் ஆசிட்டுக்கு எதிரி வெயில். 25 டிகிரியில் 14.4 வோல்ட்டில் ஏற்ற வேண்டிய பேட்டரியை 40 டிகிரியில் ஏறக்குறைய 14.0 அளவில் ஏற்றினால் போதும். சார்ஜர் இந்த மாற்றத்தைத் தானாகச் செய்கிறதா என்று பாருங்கள்.

மானிட்டர் சொல்வது சரியா என்று நானே சோதிக்க முடியுமா?

முடியும், லெட் ஆசிட்டாக இருந்தால் சுலபம். முழுசாக சார்ஜ் செய்து மானிட்டர் 100க்கு ஒத்திசைந்த பிறகு, சோலாரையும் சார்ஜரையும் துண்டித்துவிடுங்கள். 100 ஏஎச் பேட்டரி என்றால் 5 ஆம்பியர் அளவுக்கு ஒரே சீரான லோடை, விளக்குகளும் விசிறியுமாகச் சேர்த்து, பத்து மணி நேரம் ஓட்டுங்கள். மானிட்டர் 50 சதவீதம் சுற்றளவில் நிற்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நான்கைந்து மணி நேரம் கழித்து மல்டிமீட்டரால் அளந்தால் 12.2 வர வேண்டும், ஏஜிஎம் என்றால் அதற்குக் கொஞ்சம் மேலே. 12.0 வந்தால் பேட்டரி தன் கொள்ளளவை இழந்துவிட்டது. மானிட்டரில் 100க்குப் பதில் 70 ஏஎச் சுற்றளவில் போட்டு ஓட்டிக்கொண்டு, அடுத்த பெரிய டூருக்கு முன் பேட்டரியை மாற்றத் திட்டமிடுங்கள்.

லித்தியத்தில் வோல்ட்டை வைத்துப் பாதி தூரத்தில் சோதிக்க முடியாது. 100இலிருந்து தொடங்கி 12.8 வோல்ட்டுக்கு இறங்கும்வரை சீரான லோடில் ஓட்டி, எத்தனை ஏஎச் போனது என்று பாருங்கள். 100 ஏஎச் பேட்டரியில் 80 அளவுக்குப் போயிருந்தால் பேட்டரியும் கணக்கும் சரி. மானிட்டர் 50தான் போனது என்று சொன்னால் பேட்டரியைக் குறை சொல்லும் முன் நெகட்டிவ் முனையில் இரண்டாவது லக் இருக்கிறதா என்று பாருங்கள்.